வகுப்பில் ஆட்டம்: நகர்வு எதுவோ அதுவே பாடம்

வகுப்பறை ஆட்டத்தைத் திட்டமிடும்போது பெரும்பாலும் ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பாம்பும் ஏணியும் பலகை கையில் இருக்கிறது. அதில் எந்தப் பாடத்தை ஏற்றலாம் என்று யோசிக்கிறார்கள். கட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதி ஒட்டியதும் வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் உற்சாகமாக ஆடுவார்கள். ஆனால் பகடை உருட்டுவது, காய் நகர்த்துவது, பாம்பில் இறங்குவது என்று அவர்கள் செய்யும் எதிலும் பாடம் இல்லை. கேள்வி என்பது பகடையைத் தொடுவதற்கு முன் கட்டவேண்டிய சுங்கம் மட்டுமே. சுங்கத்தை எவ்வளவு சீக்கிரம் கட்டிவிட்டு நகரலாம் என்பதில்தான் பிள்ளையின் கவனம் இருக்கும்.

தன் முறை வரும்போது பிள்ளை எதை யோசித்து முடிவெடுக்கிறதோ அதைத்தான் கற்கிறது. ஆகவே திட்டமிடும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: ஒரு நகர்வைச் செய்ய, நான் கற்பிக்க நினைக்கும் விஷயத்தைப் பிள்ளை பயன்படுத்தியே ஆகவேண்டுமா, அதைத் தவிர்த்துவிட்டும் நகர முடியுமா?

இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பள்ளிக் குழந்தைகள் 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய எளிய பலகையில் ஆடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். எண்ணுவது, எண்ணை அடையாளம் காண்பது, எது பெரிது என்று சொல்வது எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்களை நேர்கோட்டில் அடுக்காமல் வட்டமாக அடுக்கிய பலகையும் அதே பலனைத் தரவில்லை என்று அவர்களின் அடுத்த ஆய்வு காட்டியது. பின்னர் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரை எண்கள் உள்ள பலகையில் இன்னொன்றைக் கவனித்தார்கள். 5இல் நிற்கும் காயை இரண்டு கட்டம் நகர்த்தும்போது “ஒன்று, இரண்டு” என்று எண்ணியவர்களைவிட, கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்து “ஆறு, ஏழு” என்று சொல்லி நகர்த்தியவர்கள் அதிகம் கற்றார்கள். பலகையும் ஆடும் நேரமும் ஒன்றுதான். நகர்த்தும்போது வாய் சொன்னது மட்டுமே வேறு. ஆட்ட விதியில் ஒரு வரியைச் சேர்ப்பது பலகையை அழகுபடுத்துவதைவிடப் பெரிய வேலை என்பது இதிலிருந்து தெரிகிறது.

எனவே ஆட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடுக்க வேண்டியது பிள்ளைகளின் குறிப்பேடு. அண்மைப் பயிற்சியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையைத் தேர்ந்தெடுங்கள். “பின்னங்கள்” என்று எழுதிக்கொண்டால் அது தலைப்பு, இலக்கு ஆகாது. “பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ள எண்) பெரிதாக இருந்தால் பின்னமும் பெரிது என்று நினைக்கிறார்கள்” என்று எழுதினால்தான் அதற்கு ஓர் ஆட்டம் அமைக்க முடியும்.

அந்தப் பிழையையே எடுத்துக்கொள்வோம். எளிய சட்டகம்: இருவர், 24 பின்ன அட்டைகள். இருவரும் ஆளுக்கு ஓர் அட்டையைத் திருப்ப வேண்டும். பெரிய பின்னத்தை வைத்திருப்பவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். இது பல இடங்களில் நடக்கும் ஆட்டம்தான். பெரும்பாலும் தோற்பது அட்டைத் தேர்வில். 1/2, 7/8, 3/4, 9/10, 1/3, 5/6 என்று கைக்கு வந்தபடி எழுதினால், “பெரிய எண்கள் உள்ளதே பெரிய பின்னம்” என்று நம்பும் பிள்ளையும் பெரும்பாலான சுற்றுகளில் சரியாகவே சொல்லும். அதன் தவறான விதிக்கு ஆட்டமே பரிசு கொடுக்கிறது. தவறான விதி தோற்கும்படி அட்டைக் கட்டை அமைக்க வேண்டும். 1/2, 2/3, 3/4 போன்ற சிறிய எண்கள் கொண்ட பெரிய பின்னங்களையும், 3/8, 4/9, 5/12, 3/10, 4/15 போன்ற பெரிய எண்கள் கொண்ட சிறிய பின்னங்களையும் பாதிப் பாதியாகக் கலக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால், பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் “சின்ன எண் உள்ளதே ஜெயிக்கும்” என்று இன்னொரு தவறான விதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை உடைக்க 7/8, 9/10, 11/12 என நான்கைந்து அட்டைகள் தேவை. 1/2க்கு 4/8, 2/3க்கு 6/9 என்று இரண்டு மூன்று சம பின்னச் சோடிகளும் இருக்கட்டும்; சமம் என்று நிரூபிப்பவருக்கு இரண்டு அட்டையும் போகும் என்று விதி வைத்தால், அந்தச் சுற்றுகளில்தான் வகுப்பின் நல்ல வாக்குவாதங்கள் நடக்கும்.

கட்டு தயாரானதும் கலைத்து, தவறான விதியை நம்பும் பிள்ளையாகவே நீங்கள் ஆடிப் பாருங்கள். பன்னிரண்டு ஒப்பீடுகளில் ஆறுக்கு மேல் ஜெயித்தால் அட்டைகளை மாற்ற வேண்டும். எந்த ஆட்டத்தையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் மூன்று பேராக ஆடிப் பார்ப்பது நல்லது: பாடம் தெரிந்த பிள்ளையாக ஒருமுறை, தெரியாத பிள்ளையாக ஒருமுறை, பாடத்தைப் பற்றிக் கவலையே படாமல் வெல்ல மட்டும் நினைக்கும் பிள்ளையாக ஒருமுறை. மூன்றாவது ஆள்தான் ஓட்டைகளைக் காட்டுவான். மெல்லிய தாளில் அட்டை செய்திருந்தால் பின்பக்கம் எழுத்து தெரிவதையும், ஓர் அட்டையின் முனை மடங்கியிருப்பதையும் அவன்தான் முதலில் பார்ப்பான்.

சரி தவறை யார் தீர்மானிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர்தான் நடுவர் என்றால், எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் கூப்பிடும். மேசையிலேயே நடுவர் இருக்க வேண்டும். பின்ன ஆட்டத்துக்கு ஒரே நீளமுள்ள தாள் பட்டைகளை இரண்டாக, மூன்றாக, நான்காக என்று பன்னிரண்டு வரையும், 4/15 அட்டைக்காகப் பதினைந்தாகவும் பிரித்து வரைந்த ஒரு பக்கம் போதும். சந்தேகம் வந்தால் அதில் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பின்னத்துக்கும் அந்தப் பக்கத்தில் பட்டை இருக்கிறதா என்று அட்டைகளோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு பின்னத்துக்குப் பட்டை இல்லாவிட்டால் அந்த ஒன்றுக்காகவே எல்லா மேசையிலிருந்தும் அழைப்பு வரும்.

நகர்வும் பாடமும் ஒன்றாகவே இருக்கும் ஆட்டம் எப்படியிருக்கும் என்று பார்க்க, பெருக்கல் பலகையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகப் பெருக்கினால் வரும் வெவ்வேறு விடைகள் சரியாக 36. ஆகவே 6×6 கட்டத்தில் அழகாக அடங்கும்:

1, 2, 3, 4, 5, 6
7, 8, 9, 10, 12, 14
15, 16, 18, 20, 21, 24
25, 27, 28, 30, 32, 35
36, 40, 42, 45, 48, 49
54, 56, 63, 64, 72, 81

பலகைக்குக் கீழே 1 முதல் 9 வரை ஒரு பட்டை, இரண்டு பேப்பர் கிளிப்புகள், இரண்டு நிறத்தில் காய்கள். முதலாமவர் ஒரு கிளிப்பைப் பட்டையில் ஓர் எண்ணில் வைப்பார், காய் வைக்கமாட்டார். இரண்டாமவர் மற்றக் கிளிப்பை வைத்து, இரண்டு எண்களின் பெருக்கல் விடையில் தன் காயை வைப்பார். அதன்பின் ஒவ்வொருவரும் தன் முறையில் ஒரே ஒரு கிளிப்பை மட்டும் நகர்த்தி, வரும் விடையை மூட வேண்டும். இரண்டு கிளிப்பும் ஒரே எண்ணில் இருக்கலாம். குறுக்காகவோ நெடுக்காகவோ மூலைவிட்டமாகவோ நான்கு காய் சேர்ந்தால் வெற்றி.

இதில் கேள்வி அட்டையே இல்லை. ஆனால் “எனக்கு 42 வேண்டும், ஒரு கிளிப் 7இல் இருக்கிறது” என்று யோசிக்கும் பிள்ளை வகுத்தலைச் செய்கிறது. அடுத்தவரைத் தடுக்க யோசிக்கும்போது காரணிகளைப் பட்டியலிடுகிறது. கிளிப்புகள் 4இலும் 7இலும் நிற்கின்றன, எதிராளிக்கு 36 கிடைத்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். நேர்வழி, 7ஐ 9க்கு நகர்த்தி 36ஐத் தானே எடுத்துக்கொள்வது. அது தன் வரிசைக்கு உதவாது என்று நினைத்தால், 4இல் உள்ள கிளிப்பை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எதிராளி மற்றதை 9க்குக் கொண்டுபோவார். எடுத்த கிளிப்பை 9இலும் வைக்கக் கூடாது, 6இலும் வைக்கக் கூடாது, ஏனென்றால் 6×6ம் 36தான். “36இன் காரணிகளை எழுதுக” என்று எத்தனை முறை கொடுத்தாலும் 6×6ஐ விட்டுவிடும் பிள்ளை, இந்த ஆட்டத்தில் ஒருமுறை தோற்றால் மறக்காது.

என்ன கெடும்? பலர் 1, 2, 3ஐ வைத்தே ஆடி, தெரிந்த வாய்பாட்டுக்குள்ளேயே சுற்றுவார்கள். அதற்குக் கடுமையான பலகை ஒன்று உண்டு. பட்டையை 4 முதல் 9 வரை மட்டும் வைத்தால் வெவ்வேறு விடைகள் 20: 16, 20, 24, 25, 28, 30, 32, 35, 36, 40, 42, 45, 48, 49, 54, 56, 63, 64, 72, 81. நான்கு வரிசை, ஐந்து பத்தி. மூன்று காய் சேர்ந்தால் வெற்றி. இன்னொரு சிக்கல், ஒரே நேரத்தில் இரண்டு கிளிப்பையும் நகர்த்திவிடுவது. கிளிப் ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மற்றதை நகர்த்த வேண்டும் என்று சொன்னால் அது நின்றுவிடும். வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு வாய்பாட்டுத் தாளை மேசையில் வைக்கலாம். முதல் இரண்டு ஆட்டம் பார்த்து ஆடட்டும். மூன்றாவதில் தாளைக் கவிழ்த்து வைத்து, தேவைப்பட்டால் மட்டும் திருப்பலாம் என்று விடுங்கள். தாளை மறுத்தால் அந்தப் பிள்ளை ஊகித்துக் காய் வைக்கும், எதிரில் இருப்பவர் திருத்துவார், அரை மணி நேரம் அவமானத்தில் போகும்.

ஆட்டத்தில் பயன்படுத்தும் ஒரு சிறு பொருள் பாடத்தையே விழுங்கிவிடுவதும் உண்டு. இடமதிப்புக்கான ஆட்டம் ஒன்று: ஒவ்வொருவரும் நான்கு கட்டங்களும் தள்ளுபடிக்கு ஒரு கட்டமும் வரைந்துகொள்ள வேண்டும். ஓர் இலக்கம் அறிவிக்கப்பட்டதும் அதை ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதியாக வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. ஐந்து இலக்கங்கள் முடிந்ததும் பெரிய நான்கிலக்க எண் யாருடையதோ அவருக்கு வெற்றி. இதற்குச் சாதாரண ஆறுமுகப் பகடையைப் பயன்படுத்தினால் சுழியம் ஒருமுறைகூட வராது. இடமதிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடமே சுழியம்தான். எனவே பகடை வேண்டாம். 0 முதல் 9 வரை பத்து அட்டைகளைக் கலைத்து, எடுத்ததைத் திரும்ப வைக்காமல் எடுங்கள். “5000க்கு மிக அருகில் வருபவருக்கு வெற்றி” என்று இலக்கை மாற்றினால் அதே ஆட்டம் இன்னும் கடினமாகும். உயர்வகுப்பில் இதையே நிகழ்தகவுக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதல் அட்டை 8 என்றால், மீதி ஒன்பதில் எடுக்கப்படும் நான்கில் 9 இருக்கும் வாய்ப்பு 4/9, பாதிக்கும் குறைவு. முதல் அட்டை 7 என்றால், 8ஓ 9ஓ பின்னால் வரும் வாய்ப்பு 13/18. 7ஐ ஆயிரமாவது இடத்தில் போட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் ஏன் அத்தனை பேர் என்பதற்கு இதுதான் கணக்கு.

இனி நேரம். எந்த ஆட்டத்தையும் கொல்வது காத்திருப்பு. 40 பேர் வகுப்பில் முன்னால் நின்று ஒருவருக்கு ஒரு கேள்வி, கேள்விக்கு 45 வினாடி என்றால், 18 நிமிடத்தில் 24 கேள்விகள்தான். பதினாறு பேருக்கு ஒரு முறைகூட வராது. அறுவர் குழுவில் முறைக்கு 30 வினாடி என்றால் அதே 18 நிமிடத்தில் ஆளுக்கு ஆறு முறை. மூவர் குழுவில் பன்னிரண்டு. இருவராக ஆடினால் பதினெட்டு. பொருள் தயாரிக்கச் சோம்பல்பட்டுக் குழுவைப் பெரிதாக்கும்போது குறைவது பயிற்சி. 40 பேருக்கு மூவர் குழு என்றால் பன்னிரண்டு மூவர், ஒரு நால்வர். பதின்மூன்று கட்டுகள், உதிரியாக இரண்டு. வருகை குறைந்து 37 ஆனால் பதினொரு மூவர், ஒரு நால்வர். நால்வரும் எந்த விதியோடு ஆடுவது என்பதை முன்பே எழுதி வையுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு யோசித்தால் அந்த நால்வர் மட்டும் பத்து நிமிடம் வேடிக்கை பார்ப்பார்கள்.

45 நிமிடப் பாடவேளையை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம்: இடம் மாறி உட்காரவும் விதி காட்டவும் 8, ஆட 18, எடுத்து வைக்க 4, உரையாடலுக்கு 10, தனியாக எழுத 5. எங்கும் குறைபடுவது கடைசி 15 நிமிடம்தான். ஆட்டம் சூடுபிடித்திருக்கும், “இன்னும் ஒரே ஆட்டம்” என்று கெஞ்சுவார்கள், விட்டுவிடுவோம். கடைசி 15 நிமிடத்தைத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, மற்றதைச் சுருக்க வேண்டும். இதற்கு ஓர் உத்தி, ஆட்டம் இயல்பாக முடியும்வரை காத்திருக்கும் விதியையே வைக்காமல் இருப்பது. “மணி அடிக்கும்போது அதிக அட்டை வைத்திருப்பவர்” என்றால் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் முடியும். முன்னதாக முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் மேசையும் இருக்காது.

விதி சொல்லும் வரிசைக்கும் ஒரு முறை உண்டு. எப்படி வெல்வது என்பது முதலில். ஒரு முறையில் என்ன செய்வது என்பது அடுத்து. எப்போது முடியும் என்பது கடைசியில். விதிவிலக்குகளை எல்லாம் முதலிலேயே சொல்லக் கூடாது, அவை எழும்போது சொன்னால் போதும். ஐந்து விதிக்கு மேல் தேவைப்பட்டால் அந்த ஆட்டம் ஒரு பாடவேளைக்கு ஆகாது. வாயால் விளக்குவதைவிட, இரண்டு பேரை நடுவில் உட்காரவைத்து நான்கு முறை ஆடவிட்டு மற்றவர்களைச் சுற்றி நிற்கச் சொல்வது வேகமானது. மிக முக்கியம்: விதி முடிந்த பிறகே பொருள் கைக்குப் போக வேண்டும். பகடை கையில் இருக்கும்போது காது வேலை செய்யாது.

பொருள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏ4 தாளை எட்டாக வெட்டினால் 74×105 மில்லிமீட்டர் அட்டைகள் கிடைக்கும், சிறு கைகளுக்குப் போதும். 24 அட்டைக்கு மூன்று தாள். 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையாத அட்டைத்தாள் என்றால் பின்பக்கம் தெரியாது. ஒவ்வொரு கட்டின் அட்டைகளுக்கும் பின்னால் அந்தக் கட்டின் எண்ணைப் போடுங்கள். தரையில் கிடக்கும் ஓர் அட்டை எந்த உறையைச் சேர்ந்தது என்று தேடுவது மிச்சம். உறையின் மேலேயே உள்ளே என்ன, எத்தனை என்று எழுதினால் எடுத்து வைக்கும் வேலையைப் பிள்ளைகளே சரிபார்ப்பார்கள். பகடை இல்லையென்றால் ஆறுபக்கப் பென்சிலில் பக்கத்துக்கு ஓர் எண் எழுதி உருட்டலாம். மேசைக்குக் கீழே விழுந்து ஓடாது, சத்தமும் குறைவு. நிறத்தை மட்டும் நம்பிக் காய்களைப் பிரிக்காதீர்கள். சிவப்பு பச்சை பிரித்தறியாத பிள்ளை ஏறக்குறைய எந்த ஆண்டிலும் இருக்கும், அது பெரும்பாலும் சொல்லாது. வட்டம், சதுரம் என்று வடிவமும் மாறட்டும்.

தண்டனை விதிகள் தனியே பேசவேண்டியவை. “தவறாகச் சொன்னால் ஒரு முறை இழப்பு”, “தவறினால் வெளியே” என்பவை ஆட்டங்களில் இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வகுப்பறையில் இவற்றின் விளைவு தலைகீழ். அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைக்குத்தான் மிகக் குறைந்த முறைகள் கிடைக்கும். தவறினால் உட்காரவேண்டிய எழுத்துக்கூட்டல் போட்டியில் முதலில் உட்காருபவர் யாரென்று பார்த்தாலே தெரியும். தவறினால் விடைத்தாளைப் பார்த்து ஏன் தவறு என்று சொல்லிவிட்டு ஒரு கட்டம் நகரலாம், சரியாகச் சொன்னால் பகடை காட்டும் அளவு நகரலாம் என்று மாற்றினால் ஒருவரும் விடுபட மாட்டார்கள். “முதலில் கை தூக்கியவர்” விதியும் இந்த வகைதான். மூன்று பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் பார்வையாளர்கள். எல்லோரும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். பிறகு எண் சீட்டு எடுத்து, அந்த எண்ணுக்குரியவர் தன் சிலேட்டைக் காட்டட்டும். விரைவுக்கு மதிப்பெண் தரும் கஹூட் போன்ற வினாடிவினாச் செயலிகளிலும் இதே கேடு உண்டு. நேரத்தை நீட்டி, புள்ளியைத் துல்லியத்துக்கு மட்டும் வைத்தால் அவை நல்ல மீள்பார்வைக் கருவி. வேகத்துக்குப் புள்ளி வைத்தால் ஊகிக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

அதிர்ஷ்டம் முற்றிலும் இல்லாத ஆட்டத்தில் வகுப்பின் கெட்டிக்காரர்களே வெல்வார்கள், மூன்றாம் நாள் மற்றவர்கள் முயல்வதை விட்டுவிடுவார்கள். அதிர்ஷ்டமே எல்லாம் என்றால் யோசிக்கத் தேவையில்லை. சிறிது அதிர்ஷ்டம் வேண்டும். அது இல்லாத இடத்தில் சம நிலையில் உள்ளவர்களைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டும். 1970களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவ்ரீஸும் கீத் எட்வர்ட்ஸும் உருவாக்கிய குழுப் போட்டி முறை இதைத்தான் செய்கிறது. கலவையான அணிகளில் சேர்ந்து படித்துவிட்டு, போட்டி மேசையில் வெவ்வேறு அணிகளிலிருந்து ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ள மூவர் உட்காருவார்கள். ஒருவர் எண் அட்டையை எடுத்து அந்தக் கேள்விக்கு விடை சொல்வார். அடுத்தவர் மறுத்து வேறு விடை சொல்லலாம், மூன்றாமவரும் மறுக்கலாம், பிறகு விடைத்தாள் பார்க்கப்படும். முதலில் சொன்னவர் தவறினால் இழப்பில்லை. மறுத்தவர் தவறினால் முன்பு வென்ற ஓர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாதவர் தயங்காமல் முயல்வார், மறுப்பவர் யோசித்துவிட்டு மறுப்பார். முதலிடத்துக்கு 6, இரண்டாமிடத்துக்கு 4, மூன்றாமிடத்துக்கு 2 புள்ளிகள் என அணிக்குப் போகும். எந்த மேசையில் வென்றாலும் அதே 6 என்பதால், நலிந்த பிள்ளையும் அணிக்கு முழுப் புள்ளி கொண்டுவர முடியும். அடுத்த முறை வென்றவர் மேல் மேசைக்கும், கடைசியில் வந்தவர் கீழ் மேசைக்கும் மாறுவார்கள்.

பரிசுப் பொருள் வேண்டாம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள முன்பள்ளிக் குழந்தைகளைக் கவனித்தார்கள். சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லி வரைய வைக்கப்பட்டவர்கள், பின்னர் ஓய்வு நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பும் ஆட்டத்துக்குக் கூலி கொடுப்பது அப்படித்தான் முடியும். ஆட்டத்தின் முடிவை மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றுவது அதைவிட மோசம். அன்றோடு பிள்ளைகள் தவறு செய்யப் பயப்படத் தொடங்குவார்கள், ஏமாற்றவும் தொடங்குவார்கள்.

ஆடும் 18 நிமிடத்தில் ஆசிரியருக்கு வேலை உண்டு. கையில் ஒரு தாள், அதில் எதிர்பார்க்கும் மூன்று பிழைகள் மட்டும். பதின்மூன்று மேசைகளையும் 40 வினாடி வீதம் சுற்றினால் ஒன்பது நிமிடத்தில் ஒரு சுற்று. இரண்டு சுற்று கிடைக்கும். பிழையைக் கண்டால் கோடு போடுங்கள், திருத்தாதீர்கள். உள்ளே புகுந்து திருத்தினால் அந்த மேசையின் ஆட்டம் உங்கள் ஆட்டமாகிவிடும். அதிகக் கோடு விழுந்த பிழையே உரையாடலின் பொருள்.

உரையாடலை “பிடித்திருந்ததா?” என்று தொடங்கினால் பத்து நிமிடமும் வீண். ஓர் ஆட்ட நிலையைக் கரும்பலகையில் வரைந்து, “இப்போது உன் முறை, என்ன செய்வாய், ஏன்?” என்று கேளுங்கள். மேலே சொன்ன 4, 7, 36 நிலை அப்படிப்பட்டது. ஒருவர் செய்த தவறையே பெயர் சொல்லாமல் வரையலாம். பிறகு விதியை ஓர் இடத்தில் அசைத்துப் பாருங்கள். 21 காய்களில் முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம், கடைசிக் காயை எடுப்பவருக்கு வெற்றி என்ற ஆட்டத்தில் எதிராளிக்கு 4இன் மடங்கை விட்டுவைப்பதே சூட்சுமம். முதலில் ஆடுபவர் ஒன்றை எடுத்தால் போதும். அதைக் கண்டுபிடித்த பிள்ளைகளிடம் “20 காய் என்றால் முதலில் ஆட விரும்புவாயா?” என்று கேட்டால், மனப்பாடம் செய்தவர் யார், புரிந்தவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். “நான்கு வரை எடுக்கலாம் என்றால்?” என்பது அதற்கடுத்த கேள்வி.

அறிவியலில் பாவனை ஆட்டங்களுக்கு இன்னொரு கேள்வியும் தேவை: இந்த ஆட்டம் உண்மையிலிருந்து எங்கே விலகுகிறது? 60 பகடைகளை உருட்டி ஆறு விழுந்தவற்றை நீக்கிக்கொண்டே போனால் கதிரியக்கச் சிதைவின் வளைவு வரும். பாதியாகக் குறைய ஏறக்குறைய 3.8 உருட்டல், அதாவது நான்காவது உருட்டலின் முடிவில் 29 அளவில் மிஞ்சும். கடைசி ஐந்தாறு பகடைகளில் வளைவு தாறுமாறாகப் போகும். பிள்ளைகள் அதை “தப்பாகிவிட்டது” என்பார்கள். எண்ணிக்கை குறையும்போது ஏற்ற இறக்கம் தெரிவது ஏன், உண்மையான மாதிரியில் அணுக்கள் எத்தனை என்று பேச வேண்டிய இடம் அதுதான். பேசாமல் விட்டால் ஆட்டம் கற்பித்தது பிழையான படம்.

கடைசி ஐந்து நிமிடம் தனித்தாளில், ஆட்டத்தின் அடையாளமே இல்லாத இரண்டு கேள்விகள். பின்ன ஆட்டத்துக்குப் பின் “5/12, 1/2: எது பெரிது, எப்படித் தெரியும்?” என்பது போல. பலகையில் செய்வதைத் தாளில் செய்யத் தெரியாமல் பலர் நிற்பார்கள், அது வழக்கம்தான். அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே இந்தத் தாள்.

ஓர் ஆட்டத்தை முதல்முறை ஆடும்போது பிள்ளைகள் கற்பது விதியை. பாடம் இரண்டாம் மூன்றாம் முறையில்தான் இறங்கும். ஆகவே வாரம் ஒரு புது ஆட்டம் என்று தேடி ஓடுவது வீண் உழைப்பு. ஆண்டுக்கு நான்கைந்து சட்டகங்கள் போதும், உள்ளே உள்ள அட்டைகள் மாறட்டும். இடைவெளி விட்டு ஆடுவதும் கணக்கில் வர வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டியது இது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், திரும்பப் படித்தவர்கள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், இடையில் தேர்வு எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். வினா விடை ஆட்டம் அடிப்படையில் நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும் பயிற்சிதான் என்பதால், அதே கட்டை நான்கு நாள் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் பத்துப் பத்து நிமிடம் எடுக்கத் திட்டத்தில் இப்போதே இடம் ஒதுக்குங்கள். விதி ஏற்கெனவே தெரியும், காட்டத் தேவையில்லை, பத்து நிமிடம் முழுவதும் ஆட்டமே.

தனித்தாள்களைக் கட்டோடு அந்த உறையிலேயே போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளை எண்கள் மாற்றிக் கொடுத்து ஒப்பிடும்போது பிழை குறையவில்லை என்றால், முதலில் அட்டைகளைப் பாருங்கள், பிறகு விதியைப் பாருங்கள்: எங்கோ பாடத்தைத் தொடாமலே நகர வழி இருக்கிறது. இரண்டையும் திருத்தி ஆடியும் தாளில் மாற்றம் இல்லையென்றால், வகுப்பு எவ்வளவு கேட்டாலும் அந்த ஆட்டத்தை இடைவேளைக்குக் கொடுத்துவிடலாம்.